ஐரோப்பியர் வருவதற்கு முன் என்றால் எந்த ஆண்டு?

செகந்திராபாத் ரயில் நிலையத்துக்கும் மெட்டுகுடாவுக்கும் இடையில் ஆலுகட்டபாவி என்று ஓர் இடம் இருக்கிறது. உருளைக்கிழங்கின் பெயரைச் சுமக்கும் கிணற்றடி. அந்தக் கிழங்கு தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச்சரிவுகளில் பல ஆயிரம் ஆண்டுகளாகப் பயிரானது. 1492-இல் கொலம்பஸ் அட்லாண்டிக் கடலைக் கடந்த பிறகுதான் அது ஐரோப்பாவுக்குப் போனது. அங்கிருந்து ஐரோப்பியக் கப்பல்களில் நம் கரைக்கு வந்தது. மிளகாய், தக்காளி, மக்காச்சோளம், நிலக்கடலை, கொய்யா, பப்பாளி, முந்திரி, புகையிலை எல்லாவற்றுக்கும் பூர்வீகம் அந்தக் கண்டங்கள்தான். ஹைதராபாத் பிரியாணியோடு வரும் மிர்ச்சி கா சாலனில் இருந்து மிளகாயையும் வேர்க்கடலையையும் எடுத்துவிட்டால் புளியும் எள்ளும்தான் மிஞ்சும். ஆல்ஃபிரட் கிராஸ்பி என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1972-இல் இதற்கென்றே ஒரு நூல் எழுதி, கண்டங்களுக்கு இடையே நடந்த இந்தப் பரிமாற்றத்துக்குக் கொலம்பஸின் பெயரையே வைத்தார்.

அடுப்படியில் இவ்வளவு தெளிவாகத் தெரியும் கோட்டை நாம் வரலாற்றிலும் அதே இடத்தில் கிழித்துவிடுகிறோம். ‘ஐரோப்பியர் வருகைக்கு முந்தைய காலம்’ என்ற தொடர் பாடப்புத்தகத்தில் வருகிறது, அருங்காட்சியகப் பலகையில் வருகிறது, மேடைப் பேச்சில் வருகிறது. தமிழ்நாட்டின் எட்டாம் வகுப்புச் சமூக அறிவியல் பாடம் ஐரோப்பியர்களின் வருகையில்தான் தொடங்குகிறது. அங்கே கதவு திறக்கிறது. அதற்கு முன்னால் இருந்ததெல்லாம் ஒரே பெரிய முற்காலம் என்ற எண்ணம் பிள்ளைகளின் மனதில் பதிந்துவிடுகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கண்டங்களின் வரலாற்றில் அந்தத் தொடருக்குப் பொருள் இருக்கிறது. தக்காணத்துக்கும் தமிழகத்துக்கும் அது இரவல் சட்டை. நம் உடம்பின் அளவுக்கு அது தைக்கப்படவே இல்லை.

கோடு உண்மையாக விழுந்த இடங்கள்

1492 அக்டோபர் 12 அன்று பஹாமாஸ் தீவுகளில் ஒன்றில் கொலம்பஸ் இறங்கினார். அதற்கு முன் பல்லாயிரம் ஆண்டுகளாக அமெரிக்கக் கண்டங்களின் மக்கள் உலகின் மறுபாதியோடு பெரும்பாலும் தொடர்பே இல்லாமல் வாழ்ந்தார்கள். பெரியம்மையையும் தட்டம்மையையும் அவர்கள் உடல்கள் அறிந்ததில்லை. மெக்சிகோவின் டெனோச்டிட்லான் நகரம் 1521-இல் வீழ்ந்தபோது, ஸ்பானியப் படையின் வாளைவிட அதிகம் பேரைக் கொன்றது நகருக்குள் முந்திப் புகுந்த பெரியம்மை. 1532-இல் பெருவின் கஹமார்க்காவில் இன்கா அரசன் அட்டாவல்பா சிறைபிடிக்கப்பட்டபோதும், அதற்கு முன்பே அந்த அரசை உள்நாட்டுப் போர் உலுக்கியிருந்தது. அந்தப் போருக்கு வழிவிட்ட அரசமரணமும் கொள்ளைநோயால் நேர்ந்தது என்று பல வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். 1562-இல் யுகட்டானில் மானி என்ற ஊரில் டியகோ டி லாண்டா என்ற துறவி மாயர்களின் நூல்களைக் குவித்துத் தீயிட்டார். மாயர் நூல்களில் இன்று உலகில் மிஞ்சியிருப்பவை நான்கே நான்கு.

ஒரு நாகரிகத்தின் ஆட்களும் ஏடுகளும் ஒரே தலைமுறையில் அழிந்தால், அதற்கு முன், அதற்குப் பின் என்று பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. ‘கொலம்பஸுக்கு முந்தைய’ என்ற சொல் அங்கே பிறந்ததற்குக் காரணம் அதுதான்.

அங்கேயும்கூட ஆண்டு ஒன்றாக இல்லை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் லான்ஸோ மெடோஸ் என்ற இடத்தில் வைக்கிங் மாலுமிகள் குடில் அமைத்து வாழ்ந்திருக்கிறார்கள். அவர்கள் இரும்புக் கருவியால் வெட்டிய மரத்துண்டுகளை ஆராய்ந்த அறிவியலாளர்கள், அந்த மரங்கள் 1021-ஆம் ஆண்டில் வெட்டப்பட்டவை என்று 2021-இல் நிறுவினார்கள். கொலம்பஸுக்கு 471 ஆண்டுகள் முந்தைய ஐரோப்பியத் தொடர்பு அது. மறுபக்கம், குவாதமாலாவின் ஏரித்தீவு நகரான நோஹ்பெட்டென் 1697 வரை ஸ்பானியருக்கு அடிபணியாமல் மாயர் நகரமாகவே நின்றது. அந்த நகரத்தவருக்குக் ‘கொலம்பஸுக்கு முந்தைய காலம்’ எப்போது முடிந்தது? இந்தக் கேள்வியால்தான் ஆய்வாளர்கள் கொலம்பஸின் பெயரை விட்டுவிட்டு, ‘தொடர்புக்கு முந்தைய’ என்று சொல்லி, ஒவ்வொரு மக்களுக்கும் தனித்தனி ஆண்டு குறிக்கத் தொடங்கினார்கள். 1992-இல், கொலம்பஸ் வந்து 500 ஆண்டு நிறைந்தபோது, கலிபோர்னியாவின் பெர்க்லி நகரம் அந்த நாளைப் பூர்வகுடி மக்களின் நாளாக அறிவித்தது.

இந்தியாவிலும் அப்படிப்பட்ட கோடு உண்மையாக விழுந்த இடம் ஒன்று உண்டு. அது அந்தமான். 1858-இல் ஆங்கிலேயர் போர்ட் பிளேரில் கைதிகள் குடியிருப்பை நிறுவியபோது கிரேட் அந்தமானியர் சில ஆயிரம் பேர் இருந்தார்கள். 1877-இல் தட்டம்மை பரவியது. இன்று அந்த மக்கள் சில பத்துப் பேராகச் சுருங்கி நிற்கிறார்கள். பக்கத்திலேயே வட சென்டினல் தீவு இருக்கிறது. 1991-இல் மானுடவியலாளர் மதுமாலா சட்டோபாத்யாய் இருந்த குழு நீட்டிய தேங்காய்களை அந்தத் தீவினர் நேருக்கு நேர் வாங்கிக்கொண்டார்கள். சில ஆண்டுகளில் அரசு அத்தகைய பயணங்களையே நிறுத்திக்கொண்டது. மிகச் சரியான முடிவு. அண்டைத் தீவுகளில் நடந்ததைப் பார்த்த பிறகு, அந்தத் தீவினரை அவர்கள் விருப்பப்படி விட்டுவிடுவதைவிடப் பெரிய உதவியை நாம் செய்துவிட முடியாது. ‘தொடர்புக்கு முன்’ என்ற சொல்லுக்கு இந்திய எல்லைக்குள் நேர்ப்பொருள் இருக்கும் இடம் அந்தச் சிறு தீவு.

தக்காணத்தில் அந்த ஆண்டைத் தேடினால்

இப்போது ஹைதராபாத்துக்கு வருவோம். ஐரோப்பியர் இங்கே எப்போது வந்தார்கள்?

சங்காரெட்டி பக்கம் கொண்டாப்பூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த கொண்டாப்பூர் வேறு. இது சாதவாகனர் கால நகரம். நிஜாம் அரசின் தொல்லியல் துறை 1940-களின் தொடக்கத்தில் இங்கே அகழ்ந்தபோது சாதவாகனக் காசுகளோடு ரோமானியக் காசும் கிடைத்தது. வடக்கே பெத்தபங்கூரிலும் ரோமானிய வெள்ளிக்காசுகள் கிடைத்திருக்கின்றன. தமிழ்நாட்டு வாசகருக்கு இதில் வியப்பு இருக்காது. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச்சாடிகளும் இத்தாலிய மட்பாண்டங்களும் வெளிவந்தன. கேரளத்து முசிறியிலிருந்து சரக்கேற்றிய ‘ஹெர்மப்போலன்’ என்ற கப்பல் பற்றிய கணக்கு, கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த பாப்பிரஸ் தாளில், வியன்னாவில் இருக்கிறது. யானைத் தந்தமும் நறுமணத் தைலப் பொருளும் துணியும் அந்தக் கணக்கில் வருகின்றன. யவனரை நன்றாக அறிந்திருந்த நாடு இது. ஐரோப்பாவோடு நம் தொடர்பு தொடங்கிய ஆண்டைக் குறிக்கச் சொன்னால் 1498-ஐவிட ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் பின்னால் போகவேண்டும்.

அது பழங்கதை என்று யாராவது ஒதுக்கினால் பதின்மூன்றாம் நூற்றாண்டைப் பார்ப்போம். அந்நூற்றாண்டின் இறுதியில் சோழமண்டலக் கரையோரமாகப் போன வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, மோட்டுப்பள்ளித் துறைமுகத்தின் பெயரைத் தன் வழியில் எழுதி, அந்நாட்டை ஆண்ட அரசியை அறிவும் நீதியும் உடையவர் என்று புகழ்ந்திருக்கிறார். அவர் சொன்னது காகதிய அரசி ருத்ரமாதேவியை என்றே வரலாற்றாசிரியர்கள் கொள்கிறார்கள். மகளை மனைவி என்று மாற்றிப் புரிந்துகொண்டார் போலோ. ருத்ரமா, கணபதிதேவரின் மகள். அந்தக் கணபதிதேவர்தான் 1244-இல் மோட்டுப்பள்ளியில் ஒரு கல்வெட்டு வெட்டிவைத்தார். புயலில் ஒதுங்கும் கப்பல்களின் சரக்கை அரசு பறிமுதல் செய்யாது, முறையான சுங்கம் மட்டுமே வாங்கும் என்று கடல்கடந்து வரும் வணிகர்களுக்கு அதில் அபயம் கொடுத்தார். எந்த நாட்டு வணிகருக்கும் அந்தச் சொல் பொருந்தும். ஐரோப்பியரைக் கருதி எழுதப்பட்டதன்று. கடலில் யார் வந்தாலும் வரட்டும் என்று எழுதப்பட்டது. நம் வரலாற்றில் பிள்ளைகள் மனப்பாடமாக அறியவேண்டிய ஆவணம் என்று நான் நினைப்பது அதைத்தான்.

இன்னும் நெருங்கி வந்தால் பீதர். ஹைதராபாத்திலிருந்து சுமார் 140 கிலோமீட்டர். 1956 வரை ஹைதராபாத் மாநிலத்தின் ஊர். பஹமனி சுல்தான்களின் தலைநகராக அது இருந்த காலத்தில், ரஷ்யாவின் த்வேர் நகரத்து வணிகன் அஃபனாசி நிகிதின் ஒரு குதிரையை விற்கக் கொண்டுவந்தான். ஜுன்னரில் அங்கிருந்த அதிகாரி குதிரையைப் பறித்துக்கொண்டு, மதம் மாறினால்தான் தருவேன் என்றான். குராசானிலிருந்து வந்த ஒருவர் பரிந்துபேசிக் குதிரையை மீட்டுக் கொடுத்தார். 1470-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிகிதின் பீதரில் தங்கி, சுல்தானின் ஊர்வலத்தையும் சந்தையையும் ஏழை மக்களின் நிலையையும் எழுதிவைத்தான். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு அருகே நங்கூரமிட்ட 1498 மே மாதத்துக்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் முன்பு.

அந்தக் கோழிக்கோட்டுச் சம்பவமும் நினைவில் வைக்கத்தக்கது. காமா முதலில் கரைக்கு அனுப்பிய ஆளை எதிர்கொண்டவர்கள் துனிஸ் நகரத்து முஸ்லிம்கள் இருவர். அவர்களுக்கு ஸ்பானிய மொழி தெரிந்திருந்தது. என்ன தேடி இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று அந்த மொழியிலேயே கேட்டார்கள். ‘கண்டுபிடிக்கப்பட்ட’ கரையில் கண்டுபிடித்தவரின் பக்கத்து நாட்டு மொழி பேசுபவர்கள் ஏற்கெனவே கடை விரித்திருந்தார்கள்.

இந்தியப் பெருங்கடல் அப்படித்தான் இருந்தது. 1409-இல் சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே எழுப்பிய கல்வெட்டு இலங்கையின் காலியில் 1911-இல் கிடைத்தது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகளில் அது பேசுகிறது. கொழும்பு அருங்காட்சியகத்தில் இப்போதும் பார்க்கலாம். இந்தக் கரைகளில் வணிகம் செய்ய எந்த மொழிகள் தேவை என்று சீனத்திலிருந்து வந்தவருக்குத் தெரிந்திருந்தது. அதில் தமிழ் இருந்தது. சுமத்ராவின் பாருஸில் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு உண்டு. இவற்றையெல்லாம் ‘ஐரோப்பியர் வருவதற்கு முன்’ என்ற தலைப்பின் கீழ் போட்டால், வராதவர் ஒருவரின் பெயரால் வந்தவர்கள் அனைவரையும் அழைக்கிறோம்.

ஹைதராபாத்துக்கு அந்தக் காலமே கிடையாது

ஹைதராபாத் நகரம் 1591-இல் உருவானது. போர்ச்சுகீசியர் கோவாவைப் பிடித்தது 1510. சார்மினாரின் அடித்தளம் தோண்டப்பட்டபோது போர்ச்சுகீசியர் மேற்குக் கரையில் 80 ஆண்டுகள் வாழ்ந்து முடித்திருந்தார்கள். எனவே இந்த நகரத்துக்கு ஐரோப்பியர் வருகைக்கு முந்தைய காலம் என்று ஒன்று கிடையவே கிடையாது. ஆனாலும் குதுப் ஷாஹி கட்டடங்களைச் சுற்றிக் காட்டுகிறவர்கள் அந்தத் தொடரைச் சாதாரணமாகச் சொல்லிப்போகிறார்கள். அவர்கள் மனதில் இருப்பது ‘ஆங்கிலேயர் ஆள்வதற்கு முன்’ என்ற பொருள். வருகையும் ஆட்சியும் ஒன்று என்று நாம் பழகிவிட்டோம். இரண்டுக்கும் நடுவே தக்காணத்தில் முந்நூறு ஆண்டு இடைவெளி இருக்கிறது. அந்த முந்நூறு ஆண்டுகள்தாம் நம் கண்ணிலிருந்து மறைகின்றன.

அந்த இடைவெளியில் ஐரோப்பியர் யாராக இருந்தார்கள்? மச்சிலிப்பட்டினத்தில் டச்சுக்காரர் 1605-லும் ஆங்கிலேயர் 1611-லும் கோல்கொண்டா சுல்தானின் அனுமதியோடு கிடங்கு வைத்த வணிகர்கள். பாரசீகரும் ஆர்மீனியரும் தெலுங்குக் கோமட்டிகளும் வணிகம் செய்த துறைமுகத்தில் இன்னொரு கூட்டம். 1632-இல் அப்துல்லா குதுப் ஷா ஆங்கிலேயருக்குக் கொடுத்த சலுகைப் பட்டயம் ‘பொன் ஃபர்மான்’ என்று பெயர் பெற்றது. கொடுத்தவர் சுல்தான், வாங்கிக்கொண்டவர்கள் கம்பெனியார். 1639-இல் தாமர்ல நாயக்கரிடம் நிலம் பெற்று மதராஸில் கோட்டை கட்டியவர்கள், சில ஆண்டுகளில் அந்தப் பகுதி கோல்கொண்டாவின் கைக்கு வந்ததும் கோல்கொண்டாவுக்கு ஆண்டுக் குத்தகை கட்டினார்கள். செயின்ட் ஜார்ஜ் கோட்டை ஹைதராபாத்துக்கு வாடகை கொடுத்த காலம் அது. 1662-இல் கோல்கொண்டாப் படை போர்ச்சுகீசியரிடமிருந்து சாந்தோமைப் பிடித்தது. கொல்லூர்ச் சுரங்கத்து வைரங்களைத் தேடி வந்த பிரெஞ்சு நகை வணிகர் தவேர்னியே, வாங்கிய கற்களை பதினான்காம் லூயி மன்னருக்கு விற்றார். 1687-இல் கோல்கொண்டாவை முடித்துவைத்தவர் ஔரங்கசீப். ஐரோப்பியருக்கு அதில் பங்கில்லை.

ஆட்சி கைமாறிய ஆண்டைத் தேடினால் 1798-க்கு வரவேண்டும். அந்த ஆண்டு மார்ச்சில் நிஜாமின் பிரெஞ்சுத் தளபதி ரேமண்ட் இறந்தார். மலக்பேட்டைக்கு அருகே அஸ்மான்கட் குன்றில் அவர் கல்லறை இருக்கிறது. இந்துக்கள் அவரை மூசா ராம் என்றும் முஸ்லிம்கள் மூசா ரஹீம் என்றும் அழைத்து, அவர் பெயரில் மூசாராம்பாக் என்ற பகுதியையே வைத்துக்கொண்டார்கள். செப்டம்பரில் ஆங்கிலேயருடன் உடன்படிக்கை. அடுத்த மாதம் ரேமண்டின் பிரெஞ்சு அதிகாரிகள் நடத்திய படை கலைக்கப்பட்டது. 1806-இல், ஹுசேன் சாகருக்கு வடக்கே ஆங்கிலப் படை தங்கிய இடத்துக்கு சிக்கந்தர் ஜா நிஜாமின் பெயர் சூட்டப்பட்டது. அதுதான் செகந்திராபாத்.

மெட்டுகுடாவின் இன்றைய உருவம் அந்தப் படையிருப்பையும் 1874-இல் வாடியிலிருந்து வந்த ரயில் பாதையையும் 1893-இல் தொடங்கிய லாலாகுடா ரயில்வே பட்டறையையும் ஒட்டி வளர்ந்தது. மதராஸ் படையோடு வந்த தமிழர்களும், பிறகு ரயில்வே வேலைக்கு வந்த தமிழர்களும் இந்தப் பகுதிகளில் வேர்விட்டார்கள். ஆங்கிலேயரின் நேரடி ஆட்சியில் இல்லாத ஒரு மன்னர் தன் பணத்தைப் பணயம் வைத்துப் போட்ட ரயில் பாதை அது. இந்த ஊரைக் ‘காலனிய’ நகரம் என்பதா, வேறு பெயர் சொல்வதா என்று வரலாற்று மாணவர்கள் விவாதிக்கலாம். ஒரே ஆண்டைக் குறித்து வெட்டிப் பிரிக்க மட்டும் முடியாது.

தமிழகத்திலும் இலங்கையிலும் இதுதான் நிலை. யாழ்ப்பாணத்து அரசு போர்ச்சுகீசியரிடம் வீழ்ந்தது 1619-இல். கண்டி ஆங்கிலேயரிடம் போனது 1815-இல். கர்நாடக நவாபின் நிலப்பரப்பை 1801-இல் கம்பெனி எடுத்துக்கொண்டது. புதுக்கோட்டைத் தொண்டைமான்கள் 1948 வரை அரியணையில் இருந்தார்கள். எந்த ஊர் என்று கேட்காமல் ஆண்டு சொல்ல வழியில்லை.

கோடு எங்கிருந்து வந்தது

லண்டனில் இருந்து வந்தது. ஜேம்ஸ் மில் என்ற ஸ்காட்லாந்துக்காரர், இந்தியாவுக்கு ஒருமுறைகூட வராமல், இந்திய மொழி எதையும் கற்காமல், 1817-இல் பிரிட்டிஷ் இந்தியாவின் வரலாற்றை எழுதினார். இந்து, முஸ்லிம், பிரிட்டிஷ் என்று காலத்தை மூன்றாகப் பிரித்தவர் அவர். கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த இளைஞர்கள் பாடமாகப் படித்த நூல் அது. முதல் இரண்டும் தேங்கிய குட்டை, மூன்றாவது ஓடும் ஆறு என்ற எண்ணத்தை அது இரண்டு நூற்றாண்டுகளுக்கு விதைத்துவிட்டுப் போனது. 1853-இல் கார்ல் மார்க்ஸ்கூட, ஆங்கில ஆட்சியைக் கடுமையாகச் சாடிய அதே ஆண்டில், இந்தியச் சமூகத்துக்கு அறியத்தக்க வரலாறு இல்லை என்ற பொருளில் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் எழுதினார்.

ஐரோப்பியரின் வருகையை மையமாக வைத்தால் இரண்டு பொய்கள் ஒரே மூச்சில் வளர்கின்றன. ஒரு தரப்பு, அதற்கு முன் எல்லாம் பொற்காலம் என்கிறது. இன்னொரு தரப்பு, அதற்கு முன் எல்லாம் இருட்டு என்கிறது. இரண்டு தரப்பும் சண்டை போடுவதாகத் தோன்றினாலும் இருவர் கையிலும் இருப்பது ஒரே மூட்டை. அதை அவிழ்த்துப் பார்க்க இருவருக்கும் விருப்பமில்லை. அவிழ்த்தால் 1213-இல் ராமப்பா கோயிலையும் அதை ஒட்டி இன்றும் வயலுக்கு நீர் தரும் ஏரியையும் அமைத்த காகதியர் வருவார்கள். 1630 முதல் 1632 வரை தக்காணத்தையும் குஜராத்தையும் வாட்டிய பஞ்சத்தில் மாண்டவர்கள் வருவார்கள். ஓலைச்சுவடியில் ஆளை எழுதி விற்ற அடிமை முறியும் வரும். கோல்கொண்டாவின் பிராமண அமைச்சர்கள் அக்கன்னா, மாதண்ணா வருவார்கள். இவர்களைப் பொன் என்றோ இருள் என்றோ ஒரே நிறத்தில் பூசமுடியாது.

வெல்சேரு நாராயண ராவ், டேவிட் ஷுல்மன், சஞ்சய் சுப்ரமண்யம் மூவரும் 2001-இல் எழுதிய நூலில், 1600 முதல் 1800 வரை தென்னிந்தியாவில் தெலுங்கிலும் தமிழிலும் மராத்தியிலும் பாரசீகத்திலும் வரலாறு எழுதப்பட்டதை விரிவாகக் காட்டினார்கள். நம்மவர் வரலாறு எழுதத் தெரியாதவர்கள் என்ற பழைய தீர்ப்பை அந்த நூல் அசைத்தது. அதன் முடிவுகள் நம் பள்ளிப் பாடத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை.

இந்த இடத்தில் நம் பக்கமும் ஒன்று சொல்லவேண்டும். நியூசிலாந்தின் வடபகுதியில் 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார் மாவோரி மக்களிடம் ஒரு வெண்கல மணியின் பகுதியைக் கண்டார். அவர்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். அதன் விளிம்பில் தமிழ் எழுத்துகள். முகையதீன் வக்குசு என்பவருடைய கப்பலின் மணி அது என்று அவை சொல்கின்றன. இப்போது வெலிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஐரோப்பியருக்கு முன்பே தமிழர் நியூசிலாந்தை அடைந்துவிட்டார்கள் என்பதற்கு இதுவே சான்று என்று நம்மில் பலர் மேடையேறிப் பேசுகிறார்கள். மணி தமிழ் முஸ்லிம் ஒருவரின், அநேகமாக மரைக்காயர் ஒருவரின், கப்பலுடையது. அது எந்த வழியில், எந்த ஆண்டில் அந்தக் கரைக்குப் போனது என்பதற்கு அந்த எழுத்துகள் சாட்சி சொல்லவில்லை. அதில் வெந்த கிழங்கோ ஐரோப்பியக் கப்பல்களோடு அந்தத் தீவுக்கு வந்தது. ‘அவனுக்கு முன்னால் நாம்’ என்று நிறுவத் துடிக்கும்போதும் நாம் அவனுடைய அளவுகோலையே பிடித்துக்கொள்கிறோம். நாகூரிலும் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் கப்பல் கட்டி மலாக்கா வரை ஓட்டிய மரைக்காயர்களின் வரலாறு, யாருக்கு முன் யாருக்குப் பின் என்ற பந்தயம் இல்லாமலே எழுதத் தகுதியுள்ளது.

என்ன செய்யலாம்

பாடநூல் எழுதுகிறவர்களுக்கு என் கோரிக்கை எளியது. அந்தத் தொடரை நீக்கிவிட்டு, ஊரையும் ஆண்டையும் ஆண்டவரையும் எழுதுங்கள். ‘காகதியர் காலத்து மோட்டுப்பள்ளி, 1244’ என்று எழுத ஒரு வரிக்குமேல் ஆகாது. அந்தமானைப் பற்றி எழுதும்போது தொடர்புக்கு முன், பின் என்று தயங்காமல் எழுதுங்கள். அங்கே அது உண்மை.

மெட்டுகுடாவில் இருந்து சில கிலோமீட்டரில் மௌலாலி குன்றின் அருகே பெருங்கற்காலப் புதைகுழிகள் இருந்தன. சைதன்யபுரியில், மூசி ஆற்றோரம் நரசிம்மர் கோயில் இருக்கும் குன்றில், விஷ்ணுகுண்டி அரசன் கோவிந்தவர்மன் காலத்துப் பிராகிருதக் கல்வெட்டு இருக்கிறது. பௌத்த விகாரம் ஒன்றைக் குறிப்பிடும் அது, சார்மினாருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்குமேல் மூத்தது. ஹைதராபாத் வரும் உறவினரைச் சார்மினாருக்கும் ராமோஜி ஃபிலிம் சிட்டிக்கும் கூட்டிப்போகும் நம் குடும்பங்கள் ஒருமுறை அங்கேயும் கூட்டிப்போகலாம்.

இவற்றைவிட முக்கியமானது மெட்ரோவில் அடுத்த நிறுத்தத்தில் இருக்கிறது. மெட்டுகுடாவுக்கு அடுத்தது தார்நாகா. அங்கே தெலங்கானா அரசின் ஆவணக் காப்பகம் இருக்கிறது. அதன் மிகப் பழைய ஆவணம், பஹமனி சுல்தான் ஃபிரோஸ் ஷாவின் காலத்தது, 1406-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வாஸ்கோ ட காமா பிறப்பதற்கும் முந்தையது. ஷாஜகான், ஔரங்கசீப் காலத்துத் தக்காண நிர்வாகத்தின் பாரசீக ஆவணங்கள் மட்டும் ஒரு லட்சத்துக்குமேல். அவற்றில் படைவீரர்களின் அடையாளப் பதிவுகளும் இருக்கின்றன: பெயர், தந்தை பெயர், நிறம், முகத்தில் எங்கே தழும்பு, குதிரைக்கு எங்கே சூடு என்று ஆள் ஆளாக எழுதிவைத்திருக்கிறார்கள். ‘முந்தைய காலம்’ என்று நாம் மொத்தமாகத் தள்ளிவிட்ட காலத்து மனிதர்கள் முகத்தோடும் பெயரோடும் தார்நாகாவில் காத்திருக்கிறார்கள்.

அவற்றைப் படிக்க ஆள்தான் குறைவு. ஷிகஸ்தா என்ற வேகக் கையெழுத்தில் எழுதிய பாரசீகத்தைத் தடையின்றி வாசிப்பவர்கள் நாட்டில் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களாகி வருகிறார்கள். ஆவணங்களைப் படமெடுத்துக் கணினியில் ஏற்றினாலும் வாசிக்கத் தெரிந்த கண் வேண்டும். ஆவணக் காப்பகத்துக்குப் பக்கத்திலேயே, 1918-இல் உருது வழிக் கல்வியோடு தொடங்கிய உஸ்மானியா பல்கலைக்கழகம் இருக்கிறது; அங்கே பாரசீகத் துறை இருக்கிறது. தெலங்கானா அரசு அந்தத் துறையையும் காப்பகத்தையும் இணைத்து, ஆண்டுக்குச் சில மாணவர்களுக்காவது உதவித்தொகையுடன் கையெழுத்து வாசிப்புப் பயிற்சி கொடுக்கவேண்டும். தமிழ்நாட்டில் கல்வெட்டு வாசிப்புக்குப் பட்டயப் படிப்பு நடக்கிறது. அதே அக்கறையோடு இதையும் செய்யலாம்.

செகந்திராபாத், மெட்டுகுடா, லாலாகுடா தமிழ்க் குடும்பங்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளைகள் தெலுங்கும் உருதுவும் தெருவிலேயே கற்றவர்கள். சென்னையில் வளரும் பிள்ளைகளுக்குக் கிடைக்காத அடித்தளம் அது. வரலாறு படிக்கவேண்டும் என்று உங்கள் வீட்டில் ஒரு பெண்ணோ பையனோ சொன்னால் தடுக்காதீர்கள். பாரசீகமும் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள்.